ஐந்து துளைகளில் எது இணையத்துக்கு?

நம் பள்ளியின் ரவுட்டர் பெரும்பாலும் தலைமையாசிரியர் அறையில், பீரோவுக்கு மேலேயோ ஜன்னல் மேடையிலோ இருக்கும். அதைத் திருப்பி முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். ஒரே அளவில், ஒரே வடிவத்தில் ஐந்து துளைகள் வரிசையாக இருக்கும். வெளியிலிருந்து வரும் இணையக் கேபிளின் முனை அந்த ஐந்தில் எதிலும் பொருந்தும். ‘டக்’ என்று சத்தமும் வரும், பக்கத்தில் பச்சை விளக்கும் எரியும். இவ்வளவும் நடந்தபின் இணைப்பு சரியாகத்தான் இருக்கிறது என்று யாரும் நம்பிவிடுவார்கள். ஆனால் அந்த ஐந்தில் ஒன்று மற்ற நான்கைப் போன்றது அல்ல.

வருகைப் பதிவு, எமிஸ், உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் இணையவழித் தேர்வு, வகுப்பில் காட்டும் காணொலி எல்லாமே இந்தப் பெட்டி வழியாகத்தான் வருகின்றன. பெட்டியைப் பொருத்தியவர் பொருத்திவிட்டுப் போய்விடுவார். வெள்ளையடிக்கும்போதோ, மேசையை நகர்த்தும்போதோ, பூட்டிய அறையை விடுமுறைக்குப் பிறகு திறக்கும்போதோ கேபிளைக் கழற்றி மாட்டுவது நாம்தான். ஆகவே எந்தத் துளை எதற்கு என்பதைக் கணினி ஆசிரியர் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதாது. தொடக்கப் பள்ளியில் அப்படி ஒருவர் இருப்பதும் இல்லை.

முதலில் பெட்டிகளைப் பிரித்து அறிவோம். கண்ணாடி இழை வழியாக இணையம் வரும் பள்ளிகளில், மெல்லிய இழை ஒன்று வந்து சேரும் பெட்டிதான் முதல் பெட்டி. இழையின் முனையில் பொதுவாகப் பச்சை நிற பிளாஸ்டிக் தலை இருக்கும். ஒளியாக வருவதை மின் குறிப்புகளாக மாற்றித் தருவது இதன் வேலை. நம்மவர்கள் இதையும் மோடம் என்றே சொல்கிறார்கள், அப்படியே சொல்வோம். இந்தப் பச்சைத் தலையை நாம் கழற்றவே கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. தெரியவில்லையே என்று முனைக்குள் உற்றுப் பார்ப்பது கண்ணுக்குத் தீங்கு. இழையைக் கூர்மையாக மடித்தாலோ முனையில் தூசி படிந்தாலோ ஒளி குறைந்து இணைப்பு தடுமாறும். பெட்டியின் முகப்பில் சிவப்பு விளக்கு மின்னினால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது துளை மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை, இணைப்பு தந்தவர்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

அந்த மோடத்தின் பின்புறத்தில் இருக்கும் சற்றே சிறிய துளை தொலைபேசிக்கானது. தொலைபேசி ஒயரின் தலை சிறியது, கணினிக் கேபிள் துளைக்குள்ளும் அது லொடலொடவென்று நுழைந்துவிடும். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகள் வளைந்துவிடக்கூடும் என்பதால் பிள்ளைகள் அதைச் செருகி விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பல பள்ளிகளில் இந்த மோடத்துக்குள்ளேயே ரவுட்டரும் வைஃபையும் சேர்ந்திருக்கும். ஒரே பெட்டிதான் இருக்கிறது என்றால் நம் வேலை எளிது. இழை அதன் இடத்தில் இருக்கும், கணினிகளுக்கான கேபிள்கள் மற்றத் துளைகளில் போகும். சிக்கல் இரண்டாவது பெட்டி வரும்போதுதான் தொடங்குகிறது. ஆய்வகத்துக்கு வைஃபை எட்டவில்லை என்று ஒரு ரவுட்டர் வாங்குகிறோம், முன்னாள் மாணவர் ஒருவர் அன்பளிப்பாகத் தருகிறார், அல்லது மாடி வகுப்பறைக்கு ஸ்மார்ட் பலகை வருகிறது. அந்த இரண்டாவது பெட்டியில்தான் நான் சொன்ன ஐந்து துளைகள்.

ஐந்தில் தனித்திருப்பதற்கு ‘வேன்’ என்று பெயர். பள்ளி வேன் அல்ல, அகன்ற பரப்பு வலையமைப்பு என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். சில பெட்டிகளில் இன்டர்நெட் என்றே அச்சிட்டிருக்கும், சிலவற்றில் உலக உருண்டைப் படம் இருக்கும். மற்ற நான்கும் ‘லேன்’, அதாவது நம் கட்டடத்துக்குள் உள்ள வலையமைப்பு. இவற்றுக்கு 1 முதல் 4 வரை எண் இருக்கும். பல கம்பெனிகள் வேனை நீலத்திலும் லேனை மஞ்சளிலும் தருகின்றன. ஆனால் எல்லாக் கம்பெனிகளும் அப்படிச் செய்வதில்லை. நிறத்தை நம்பாமல் எழுத்தைப் படிப்பதே நல்லது.

இந்த வேறுபாடு ஏன் என்று பெட்டியைத் திறந்து பார்த்தால் விளங்கும். ரவுட்டர் என்பது ஒரு பெட்டிக்குள் குடியிருக்கும் இரண்டு மூன்று கருவிகள். நான்கு லேன் துளைகளும் ஒரு ஸ்விட்சைச் சேர்ந்தவை. ஒரே வகுப்பறையின் நான்கு பெஞ்சுகள் என்று வைத்துக்கொள்ளலாம், ஒரு பெஞ்சிலிருந்து இன்னொரு பெஞ்சுக்குப் பேச யாருடைய அனுமதியும் வேண்டாம். வைஃபையும் அதே அறையில் போட்ட இன்னொரு பெஞ்சுதான். வேன் துளை மட்டும் அறையின் கதவு. கதவுக்கும் பெஞ்சுகளுக்கும் நடுவில் நின்று உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பார்த்து அனுப்புகிறவர்தான் உண்மையான ரவுட்டர்.

அவர் இரண்டு வேலைகள் செய்கிறார். முதல் வேலை, உள்ளே வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வருகை எண் தருவது. இதையே ஐ.பி. முகவரி என்கிறோம், அதைத் தானாக வழங்கும் ஏற்பாட்டுக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். முகவரியோடு ‘வெளியே போக வேண்டுமானால் இந்த வழியாகப் போ’ என்று வாசலின் முகவரியையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். இந்த இரண்டாவது செய்தியை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும் கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

இரண்டாவது வேலை, உள்ளே உள்ளவர்கள் அனுப்பும் கோரிக்கைகளில் அவரவர் முகவரியை எடுத்துவிட்டு, வாசலின் ஒரே முகவரியைப் போட்டு அனுப்புவது. யார் எதைக் கேட்டார் என்று குறித்து வைத்துக்கொண்டு, பதில் வந்ததும் உரியவரிடம் சேர்ப்பார். இதை ‘நாட்’ என்பார்கள். பழைய முறை ஐ.பி. முகவரி 32 பிட் கொண்டது. ஆகவே உலகம் முழுவதற்கும் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உண்டு. ஒரு வீட்டிலேயே ஐந்தாறு கருவிகள் இருக்கும் காலத்தில் இது போதாது. ஆகவே 192.168 என்று தொடங்குவன, 10 என்று தொடங்குவன போன்ற சில தொகுதிகளை அவரவர் கட்டடத்துக்குள் மட்டும் பயன்படுத்தலாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். நம் பள்ளியிலும் பக்கத்துப் பள்ளியிலும் 192.168.1.5 என்ற கணினி இருக்கலாம். 10 ஆம் வகுப்பில் ஒரு வரிசை எண் 5, ஒன்பதாம் வகுப்பில் ஒரு வரிசை எண் 5 இருப்பதைப் போல.

இனி, மோடத்திலிருந்து வரும் கேபிளை வேன் துளையில் மாட்டாமல் லேன் துளையில் மாட்டினால் என்ன ஆகும்? ‘வேலை செய்யாது’ என்று பலர் சொல்வார்கள். அப்படி அடியோடு வேலை செய்யாமல் போனால் நல்லது, அன்றே கண்டுபிடித்துவிடலாம். அது பாதி வேலை செய்யும். அதுதான் தொல்லை.

நான் முன்பு பணியாற்றிய பள்ளி ஒன்றில் இது நடந்தது. ஆய்வகத்தில் 20 கணினிகள். வெளியிலிருந்து வந்த ஒருவர் புதிய ரவுட்டரைப் பொருத்தி, மோடத்துக் கேபிளை லேன் 1 இல் மாட்டி, ஒரு கணினியில் இணையதளம் திறப்பதைக் காட்டி, கையெழுத்தும் வாங்கிப் போய்விட்டார். அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்புக்கு இணையவழித் தேர்வு. 12 கணினிகளில் தேர்வுப் பக்கம் திறந்தது, 8 கணினிகளில் சுற்றிக்கொண்டே இருந்தது. அணைத்துப் போட்டதும் இரண்டு சரியாயின, சரியாக இருந்த ஒன்று நின்றுபோனது. “போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு டீச்சர்?” என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டே நின்றார். பிள்ளைகளோ ஏழாம் எண் கணினி ராசியில்லாதது என்று முடிவுகட்டி, அதில் உட்கார மாட்டோம் என்றார்கள்.

அன்று எட்டுப் பேர் காத்திருந்தார்கள். அவர்களில் ஒரு பெண்ணுக்கு 4.20 பேருந்தை விட்டால் அடுத்தது ஆறரைக்குத்தான், இறங்கியபின் தோப்பு வழியே ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. எழுதாமல் போனால் ‘வரவில்லை’ என்று பதிவாகிவிடுமோ என்று அழவே தொடங்கிவிட்டாள். படித்திருந்தாள், வந்திருந்தாள், கணினி முன் உட்கார்ந்தும் இருந்தாள்.

நடந்தது என்னவென்றால், ஒரே அறையில் எண் கொடுப்பவர்கள் இருவர் ஆகிவிட்டார்கள். மோடமும் முகவரி வழங்கியது, புதிய ரவுட்டரும் வழங்கியது. லேன் துளையில் மாட்டியதால் மோடம் கதவுக்கு வெளியே நிற்காமல் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டது. கணினி விழித்து எழும்போது ‘எனக்கு யார் முகவரி தருகிறீர்கள்?’ என்று அறை முழுக்கக் கேட்கும், பொதுவாக முதலில் பதில் சொல்பவரிடம் வாங்கிக்கொள்ளும். மோடத்திடம் வாங்கிய கணினிகளுக்கு ‘என் வழியாகப் போ’ என்று மோடம் சொன்னது, அவை போயின. ரவுட்டரிடம் வாங்கியவற்றுக்கு ‘என் வழியாகப் போ’ என்று ரவுட்டர் சொன்னது. அந்த ரவுட்டரின் வேன் துளையிலோ எதுவுமே மாட்டப்படவில்லை. கதவைத் திறந்தால் எதிரே சுவர்.

கணினிகளின் முகவரிகளை ஒவ்வொன்றாகத் தாளில் எழுதினோம். திறந்தவை எல்லாம் 192.168.1 என்று தொடங்கின, திறக்காதவை எல்லாம் 192.168.0 என்று தொடங்கின. பட்டியலைப் பார்த்ததும் ராசி பற்றிய பேச்சு நின்றுவிட்டது. கேபிளை லேன் 1 இலிருந்து எடுத்து வேனில் மாட்டி, 20 கணினிகளையும் அணைத்துப் போட்டோம். எல்லாம் 192.168.0 என்று தொடங்கும் முகவரி வாங்கின, எல்லாம் திறந்தன. மணி 3.35. அந்தப் பெண் எழுதிவிட்டு அதே பேருந்தில் போனாள்.

ஆகவே ‘சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை’ என்ற புகார் வந்தால் முதலில் முகவரியைப் பாருங்கள். விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் சேர்த்துத் தட்டச்சு செய்தால் தெரியும். கைப்பேசியில் வைஃபை பெயரைத் தொட்டு விவரங்களில் பார்க்கலாம். இரண்டு வகை முகவரிகள் கலந்திருந்தால் எண் கொடுப்பவர் இருவர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். 169.254 என்று தொடங்கினால் யாருமே எண் கொடுக்கவில்லை, கணினி தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கேபிளையும் ரவுட்டர் ஓடுகிறதா என்பதையும் சரிபார்க்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே வகை முகவரி, ஆனாலும் இணையம் இல்லை என்றால் வேன் பக்கம்தான் பார்க்க வேண்டும். சில மோடங்கள் ஒளியை மாற்றித் தருவதோடு நின்றுவிடும். பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணைப்பை ஏற்படுத்தும் வேலை ரவுட்டருடையதாக இருக்கும். ரவுட்டரை ஒரு குச்சியால் ரீசெட் செய்துவிட்டால் அந்த விவரம் அழிந்துபோகும். ‘ரீசெட் பண்ணிப் பாருங்க’ என்று யாராவது சொன்னால், அந்தப் பயனர்பெயர் எங்காவது எழுதி வைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மோடத்தின் எந்தத் துளையிலிருந்து கேபிள் வருகிறது என்பதும் முக்கியம். சில மோடங்களில் முதல் துளைக்கு மட்டுமே இணையம் ஒதுக்கியிருப்பார்கள்.

இப்படிச் சொன்னதும் லேன் துளையில் மோடத்துக் கேபிளை மாட்டுவதே தவறு என்று நினைத்துவிட வேண்டாம். அதுவே சரியான இடம் ஒன்று உண்டு. மாடியில் வைஃபை கிடைக்க வேண்டும், வேறெதுவும் வேண்டாம், கீழே உள்ள பிரிண்டருக்கு மாடியிலிருந்தும் கீழிருந்தும் அச்சு அனுப்ப வேண்டும் என்றால், இரண்டாவது ரவுட்டரை வெறும் பெஞ்சாக மட்டும் பயன்படுத்தலாம். இதற்கு அதன் அமைப்புப் பக்கத்தில் டி.எச்.சி.பி. ஐ நிறுத்த வேண்டும். அதன் சொந்த முகவரியை மோடத்தோடு மோதாத ஒன்றாக மாற்ற வேண்டும். மோடம் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 தரலாம், மோடம் அதை வேறெதற்கும் வழங்காதபடி பார்த்துக்கொண்டால் சரி. அதன் பிறகு கேபிளை லேன் துளையில் மாட்டலாம், வேன் காலியாக இருக்கட்டும். புதிய ரவுட்டர்கள் பலவற்றில் ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதைத் தேர்ந்தால் இவ்வளவையும் அதுவே செய்துகொள்ளும். அந்த நிலையில் பெரும்பாலான பெட்டிகளில் வேன் துளையும் இன்னொரு லேன் துளையாகிவிடும். முன் சொன்ன பள்ளியில் வந்தவர் இந்த அமைப்பைத்தான் மனத்தில் வைத்திருந்தாரோ என்னவோ, டி.எச்.சி.பி. ஐ நிறுத்தாமல் போய்விட்டார்.

அப்படியானால் இரண்டில் எதைத் தேர்வது? இங்கே பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. வேனில் மாட்டினால் இரண்டு தனித்தனி அறைகள் உண்டாகின்றன. மோடத்தின் அறை வெளியே, ரவுட்டரின் அறை உள்ளே. உள்ளே இருப்பவர் வெளியறையில் இருக்கும் கருவியை எட்ட முடியும், வெளியறையில் இருப்பவர் உள்ளே நேரடியாக வர முடியாது. மாணவர்களைத் தனியாகப் பிரிக்க வேண்டும் என்று ஆய்வகத்தை இரண்டாவது ரவுட்டருக்குப் பின்னால் வைத்து, அலுவலகக் கணினியை மோடத்திலேயே விட்டுவிடுகிறோம். நாம் நினைத்ததற்கு நேர் எதிராக, ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்கும் துடிப்பான பத்தாம் வகுப்பு மாணவனால் அலுவலகப் பிரிண்டருக்கு அச்சு அனுப்ப முடியும். பொதுக் கோப்புறை திறந்து கிடந்தால் அதையும் பார்க்க முடியும். மதிப்பெண் பட்டியலும் ஊதியப் பட்டியலும் இருக்கும் அலுவலகக் கணினிகள்தான் ரவுட்டருக்குப் பின்னால் இருக்க வேண்டும். அதைவிட நல்லது, மோடத்தின் கீழ் இரண்டு ரவுட்டர்கள் வைத்து அலுவலகத்துக்கு ஒன்று, ஆய்வகத்துக்கு ஒன்று என்று இரண்டையும் வேன் வழியே இணைப்பது. மலிவான ரவுட்டர் ஒன்றின் விலையில் முடிகிற வேலை இது, என் கருத்தில் எல்லா உயர்நிலைப் பள்ளியிலும் செய்யத்தக்கது. கவனிக்க வேண்டியது ஒன்றே. மோடத்தின் அறையும் ரவுட்டரின் அறையும் ஒரே எண் வரிசையில் இருக்கக் கூடாது. இரண்டும் 192.168.1 என்று தொடங்கினால் கதவுக்கு வெளியே எது, உள்ளே எது என்று ரவுட்டருக்கே குழப்பம் வந்துவிடும்.

இன்னொரு விபத்தையும் சொல்லிவிடுகிறேன். தொங்கிக்கொண்டிருக்கும் கேபிளைப் பார்த்தால் நம் கை சும்மா இருக்காது, காலியான துளையில் செருகிவிடுவோம். அதன் மறுமுனை அதே ரவுட்டரின் இன்னொரு லேன் துளையில் இருந்தால் சுழல் உண்டாகிவிடும். எல்லாருக்கும் என்று அனுப்பிய ஒரு செய்தி சுற்றிச் சுற்றி வந்து பெருகி, சில நொடிகளில் பள்ளி முழுவதும் இணையம் நின்றுபோகும். எல்லா விளக்குகளும் ஒரே வேகத்தில் படபடவென்று மின்னுவது இதன் அடையாளம். கடைசியாக யார் எதைச் செருகினார் என்று விசாரித்து அதைப் பிடுங்கினால் போதும்.

கேபிள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே நீளமாக 100 மீட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது. உள்ளே எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். 100 எம்.பி. வேகத்துக்கு இரண்டு ஜோடிகள் போதும், ஆயிரத்துக்கு நான்கும் வேண்டும். எலி கடித்து ஒரு கம்பி அறுந்தாலும் இணைப்பு முழுவதும் சாகாமல் வேகம் மட்டும் குறைந்துபோவது இதனால்தான்.

எட்டாம் வகுப்பில் இதை ஒரு பாடவேளையில் நடத்திப் பார்த்தேன். கணினி எதுவும் தேவைப்படவில்லை, துண்டுச் சீட்டுகள் மட்டும். நான்கு பெஞ்சுகளும் லேன். கதவில் ஒரு மாணவன் நோட்டுடன் நின்றான், அவன் ரவுட்டர். தாழ்வாரத்தில் ஒரு மாணவி, அவள் இணையம். பெஞ்சிலிருந்து ஒருவர் ‘நீலகிரியின் உயரமான சிகரம் எது?’ என்று எழுதித் தன் பெயரோடு தருவார். கதவில் நிற்பவன் பெயரை அடித்துவிட்டு ‘எட்டாம் வகுப்பு, சீட்டு 14’ என்று எழுதி வெளியே தருவான், நோட்டில் 14 யாருடையது என்று குறித்துக்கொள்வான். தொட்டபெட்டா என்ற பதில் 14 என்ற எண்ணோடு திரும்பி வரும். இரண்டாம் சுற்றில் இணையமாக இருப்பவள் யாரும் கேட்காத ஒரு சீட்டை அனுப்புவாள். நோட்டில் அதற்குக் குறிப்பு இல்லாததால் அது குப்பைக்குப் போகும். வெளியிலிருந்து யாரும் நினைத்தபடி உள்ளே வர முடியாது என்பது அப்போதுதான் அவர்களுக்குப் பிடிபட்டது. மூன்றாம் சுற்றில் இன்னொரு மாணவனைக் கையில் நோட்டோடு நடு பெஞ்சில் உட்காரவைத்து, அவனும் எண் கொடுக்கட்டும் என்றேன். இரண்டு நிமிடத்தில் வகுப்பு சந்தையாகிவிட்டது, இரண்டு பேருக்கு ஒரே எண், யாருடைய பதில் யாரிடம் என்று சண்டை. பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதினாலும் வராத விளக்கம் அது.

முடிந்ததும் பிள்ளைகளே வெள்ளைத் தாளை நறுக்கி, பள்ளியின் இரண்டு பெட்டிகளிலும் ஒட்டினார்கள். வேன் துளையின் மேல் ‘வாசல் – மோடத்திலிருந்து வரும் கேபிள் மட்டும்’ என்று எழுதியிருந்தார்கள். கேபிளின் இரு முனைகளிலும் எங்கிருந்து எங்கே என்று சிறு சீட்டு.

“கதவுல நிக்கிறவன் லீவு போட்டா என்ன டீச்சர் பண்றது?” என்று ஒருவன் கேட்டான். பெஞ்சுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம், வெளியே மட்டும் போக முடியாது என்று பக்கத்திலிருந்தவளே பதில் சொல்லிவிட்டாள். “அப்ப ரெண்டு வாசல் வெச்சா?” என்றான் அவன். அப்படியும் பெட்டிகள் உண்டு. இரண்டு வேன் துளைகள் இருக்கும், இரண்டு கம்பெனி இணைப்புகளை மாட்டலாம், ஒன்று நின்றால் மற்றது ஏற்றுக்கொள்ளும். சில புதிய பெட்டிகளில் எந்தத் துளையில் மாட்டினாலும் அதுவே வாசலா பெஞ்சா என்று கண்டுபிடித்துக்கொள்ளும். நம் பள்ளியில் இருப்பது அந்த வகை இல்லை என்றதும், ஒட்டிய சீட்டு உரியாமல் இருக்க மேலே செல்லோடேப் போடலாமா என்று கேட்டுக்கொண்டு ஓடினான்.